நாலாவது கண்ணாடி

காரின் முன்கண்ணாடி கல் பட்டு உடைந்துவிட்டது என்றுதான் அந்த அம்மாள் போனில் சொன்னாள். ஆனால் ஷெட்டுக்குள் தேடினாலும் ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை.

இருங்கு நைரோபியில் பழைய கார் சாமான்கள் விற்பவன். பியூஜோ 404-க்கு முன்கண்ணாடி கேட்டு இப்போதெல்லாம் யார் வருகிறார்கள்? வருஷக்கணக்காகச் சாக்குகளுக்கு அடியில் கிடந்ததைத் தள்ளிவிட இதுதான் சமயம் என்று, மலையூரான லிமுருவின் ஜூலைப் பனியில் வண்டியேறி வந்திருந்தான். தனியாக வா, வேறு ஆள் வேண்டாம் என்று அவள் சொன்னதும் அவனுக்கு வசதியாகவே இருந்தது.

கதோனி அம்மாள் கேட்டைப் பூட்டி, சாவியை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பூட்டு எதுக்கும்மா?"

"ஆடு உள்ள வந்துரும். நீ வேலையைப் பாரு."

ஷெட்டில் நின்ற அவள் காருக்குப் பக்கத்தில், சுவரோரம், இதே வண்டிக்கான கண்ணாடிகள் மூன்று சாய்ந்திருந்தன. ஒன்றிலும் கீறல் இல்லை.

"இதுங்க நல்லாத்தானே இருக்கு? இதுல ஒண்ணை மாட்டியிருக்கலாமே!"

"மாட்டிப் பாத்துட்டுத்தான் கழட்டி வெச்சேன். எதுவும் நான் தேடினது இல்ல."

கிறுக்குக் கிழவி என்று நினைத்துக்கொண்டான். கண்ணாடியின் மூலையில் வண்டி எண்ணைப் பொறித்து வைப்பது இந்த நாட்டுப் பழக்கம். விற்பதற்கு முன் அதைத் தேய்த்து அழிப்பது அவன் தொழிலின் பழக்கம்.

"இதே மாதிரி ரெண்டு வண்டி வாங்கினோம். எனக்கு ஒண்ணு, என் தம்பிக்கு ஒண்ணு" என்றாள் அவள்.

"அவரு வண்டி இன்னும் ஓடுதா?"

"ஓட்டிட்டுப் போனவன் வந்து சொன்னாத்தானே தெரியும்."

இருங்கு தான் கொண்டுவந்த கண்ணாடியை எடுத்தான். விளிம்பில் ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீரைத் தடவினான். இனி ஒருவர் வெளியே நின்று அழுத்த வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க வேண்டும்.

"நீ உள்ள ஏறு. நான் அழுத்தறேன்."

"உங்களால முடியுமா?"

"மூணு தடவை அழுத்தின கை இது. ஏறுப்பா."

ஏறினான். அவள் கதவை அறைந்து சாத்தினாள். அப்போதுதான் கவனித்தான்: எந்தக் கதவிலும் உள்கைப்பிடி இல்லை. ஜன்னலை இறக்கும் பிடிகளும் இல்லை.

"என்னம்மா, உள்ளேருந்து திறக்கவே முடியாது போல?"

"பழைய வண்டி. முடிஞ்சதும் நான் திறந்து விடறேன். இழு."

அவன் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பர் இரும்பு விளிம்பைக் கவ்விக்கொண்டே வந்தது. கடைசி மூலையும் 'டப்'பென்று உட்கார்ந்தது. முகத்தில் அடித்துக்கொண்டிருந்த குளிர்காற்று நின்றுபோனது.

"கச்சிதம்! கதவைத் திறங்கம்மா."

அவள் திறக்கவில்லை. குனிந்து, கண்ணாடியின் கீழ்மூலையில் வாயை வைத்து நீளமாக ஊதினாள்.

மூச்சின் ஆவி படர்ந்தது. அதற்குள், அவன் தேய்த்து அழித்திருந்த எண் ஒவ்வோர் இலக்கமாக எழுந்து வந்தது. அவன் பக்கத்திலிருந்து பார்க்க, இடவலம் மாறி.

கதோனி அதை விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து, தன் முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்தாள்.

"என் தம்பி எங்க?"