பேசாத பேட்டி

ஏழு வயதுச் சிறுமி காணாமல் போய் அன்று இரண்டாவது நாள். தாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து நான்கு துக்க வீடுகளை முடித்துவிட்டு வந்திருந்த தொலைக்காட்சி நிருபர், அலுப்போடு மைக்கை நீட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. டிவியில பார்த்துட்டு யாராவது தகவல் குடுப்பாங்க."

தாய் வாய் திறக்கவில்லை.

"நேத்திலேர்ந்து இப்படித்தாம்மா, ஒரு பேச்சு இல்ல," என்றார் கணவர்.

பத்து நிமிடம் படம் பிடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வண்டியில் கண்ணயர்ந்திருந்த நிருபரை ஒளிப்பதிவாளர் தட்டி எழுப்பி, ஹெட்போனைக் கொடுத்தார். படத்தில் தாயின் உதடுகள் அசையவில்லை. ஆனால் ஒரு பெண்குரல் கேட்டது.

"தூங்கிடாதடா கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்."

"கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கே," என்றார் ஒளிப்பதிவாளர்.

அதற்குள் செய்தி ஆசிரியர் போனில் வந்தார். "அழுற மாதிரி ஒரு வரியாவது கிடைச்சுதா?"

நிருபர் அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினாள். அந்தப் பகுதியிலிருந்த பாழுங்கிணறுகளை எல்லாம் பார்க்கச் சொன்னாள். சாயங்காலம், மூடிக்கிடந்த மில்லுக்குப் பின்னாலிருந்த கிணற்றில், இடுப்பளவு சேற்றிலிருந்து சிறுமியை உயிரோடு தூக்கினார்கள்.

"ரெண்டு நாளா தனியா இருந்தியே, பயமா இல்லையாடா?" மருத்துவமனையில் நிருபர் கேட்டாள்.

"தனியா இல்லையே. அம்மா பக்கத்துல உக்காந்து கதை சொல்லிட்டே இருந்தாங்க."

நிருபர் திரும்பித் தாயைப் பார்த்தாள். தாய் ஏதோ சொல்ல முயன்றாள். தொண்டை கட்டிப்போய், வெறும் காற்றுதான் வந்தது.