ஓடைக்கு உப்பு ஆகாது

“உப்புப் போடக்கூடாதெண்டு கவுன்சிலுக்கு முறைப்பாடு வைச்ச அந்த விசரன் ஆரெண்டு தெரிஞ்சால், நல்லா நாலு கேள்வி கேப்பன்!”

லண்டன் ரெய்னர்ஸ் லேன் ஓடைக்கரைப் பாதையில் கால் வைத்ததுமே சிவனேஸ்வரி தொடங்கிவிட்டாள். பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மரம், வேலி, விளக்குக் கம்பம் எல்லாம் யாரோ அரைத் தூக்கத்தில் காணும் கனவுபோல் மங்கி நின்றன.

பாதை முகப்பில் கவுன்சிலின் புதுப் பலகை: ஓடை நீரைக் காக்க, இந்தக் குளிர்காலம் இங்கே பனியை உருக்கும் உப்புத் தூவப்படாது.

“உப்புப் போட்டால், பனி உருகேக்க எல்லாம் ஓடைக்குள்ளதானே போகுது,” என்றார் கணவர் குலசேகரம். “போன வசந்தம் இதுக்குள்ள ஒரு தவளைக்குஞ்சு கண்டனீரே?”

“தவளை வழுக்கி விழாது. நான் விழுவன். கோயிலுக்குப் போற வழியில இடுப்பை முறிச்சால், உங்கட தவளை வந்து சமைச்சுத் தருமே?”

“அதுக்குத்தானே மணல் போட்டிருக்கினம்.”

“மணலோ? கோழிக்குத் தீன் எறிஞ்ச மாதிரிக் கிடக்கு! இண்டைக்கே போன் பண்ணி, திரும்ப உப்புப் போடச் சொல்லுறன்.”

குலசேகரம் அவசரமாகக் குறுக்கிட்டார். “வேண்டாமப்பா. வாயில்லாச் சீவனுகள்...”

“என்ன திடீர்ச் சீவகாருண்யம்? முந்தநாள்தான் ஆட்டிறைச்சிக் கறி காணாதெண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தனீங்கள்!”

அடுத்த அடியில் அவளுக்குக் கால் சறுக்கியது.

“ஐயோ, இஞ்சருங்கோ!”

அவர் கை தயாராக நீண்டிருந்தது. பற்றிக்கொண்டாள். கலியாணத்தன்று ஐயர் பிடித்துக் கொடுத்த கை. அதற்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர் பிடித்ததில்லை. கையுறைக்குள்ளும் சூடு தெரிந்தது.

ஓடை பனிக்கட்டிக்கு அடியில் தனக்குள் ஏதோ முணுமுணுத்தது. இருவரும் நடை பழகும் பிள்ளைகள்போல் குட்டிக் குட்டி அடியாக நடந்தார்கள். பாதை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

பெருந்தெரு வந்துவிட்டது. காலடியில் உப்பு நறநறத்தது.

“விடுங்கோ. சனம் பாக்குது.” கையை உருவிக்கொண்டு விறுவிறுவென்று முன்னே போனாள்.

“கவுன்சிலுக்குப் போன்...?” என்று மெல்ல இழுத்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “கிடக்கட்டும். தவளையும் பாவம்தானே.”

வெறுங்கையைக் கோட்டுப் பைக்குள் செருகிய குலசேகரம், கவுன்சிலில் தான் வைக்கப்போகும் அடுத்த முறைப்பாட்டுக்கு, இந்தப் பெருந்தெருவோரமும் ஒரு தவளையாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டே நடந்தார்.