அக்குள் தையல்

அதே சட்டைதான்.

மாடிக்காரி கொடுத்த துணி மூட்டையிலிருந்து விழுந்தது. நீலக் கட்டம். வலது அக்குளில் கறுப்பு நூலால் போட்ட தையல்.

மாடிப்படிக்கு அடியில் இஸ்திரி போடுகிறவள் நான். தெருவில் யார் சட்டையில் எங்கே கிழிசல் என்று என்னைக் கேட்டால் போதும். ஆனால் இந்தத் தையலை நான் முதலில் பார்த்தது செய்தித்தாளில்.

படத்தில் சட்டசபையில் எங்கள் தொகுதி உறுப்பினர் கை தூக்கி நிற்கிறார். பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகைக்கு வருமான வரம்பு வைக்கும் சட்டத்துக்கு ஆதரவாகத் தூக்கிய கை. கிழிந்த சட்டையைத் தைத்துப் போடும் எளிய மனிதர் என்று கீழே எழுதியிருந்தார்கள். அதைக் கிழித்து என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டாமா?

இதே மனிதர் இதற்கு முன் இரண்டு தடவை அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவர். குழந்தைகளில் என்ன ஏழை, பணக்காரன் என்று தொண்டை கிழியப் பேசியவர். இந்த வருடம் மூன்றாம் தடவை வந்தபோது கை தூக்கிவிட்டார். எவ்வளவு வாங்கினாரோ என்று தெருவே பேசியது.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். அதனால் வரம்பைத் தாண்டிவிட்டோமாம். தொகை நின்றது. மூத்தவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி வாங்குவதை நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

மாடிக்காரி போன வருடம் இரண்டு பிள்ளைகளோடு குடிவந்தாள். புருஷனைப் பிரிந்தவள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். புருஷன் சம்பளம் கணக்கில் வராது, அதனால் அவளுக்கு முழுத் தொகையும் வருகிறது. வரட்டும், பாவம் என்று இஸ்திரிக் கூலியைக்கூடக் குறைத்துத்தான் வாங்கினேன்.

ஆனால் சாயங்காலமானால் ஓர் ஆள் பின்படி வழியாக ஏறுவான். சொட்டு மழை இருக்காது, குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான். அவளுடைய சின்னவன் அவனை "மாமா" என்பான். சொல்லிவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பான்.

குடைக்குள் இருந்த முகம் இப்போது தெரிந்துவிட்டது.

என் பிள்ளையின் கண்ணாடிக்காசைப் பிடுங்கிய மகராசனுக்குச் சின்ன வீடு கேட்கிறதா? அவர் பெண்டாட்டி எங்கிருந்தாலும் தேடிப் பிடித்துச் சொல்லாமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

துணி வாங்க அவள் இறங்கி வந்தாள். சட்டையை அக்குள் தெரியும்படி விரித்தேன். சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இந்தக் கூத்து அவரு பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

அவள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தத் தையலே நான் போட்டதுதான்க்கா. நான்தான் அவரு பொண்டாட்டி. வரம்பு எப்படியும் வந்துடும்னு தெரிஞ்சதும், கோர்ட்டுக் காகிதத்துல மட்டும் பிரிஞ்சுட்டோம். அதுக்கப்புறந்தான் அவரு கை தூக்கினாரு. வெளிய சொல்லிடாதீங்க, பிள்ளைங்க பணம் நின்னுடும். வேணும்னா அந்தக் காகிதத்தை முடிச்சுக் கொடுத்த வக்கீலை உங்களுக்கும் சொல்றேன்."

கூலியை வைத்துவிட்டுச் சட்டையோடு மேலே போனாள்.

அன்று சாயங்காலம் மூத்தவள் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.