முப்பத்தேழு டிகிரி

மனைவியின் வீடியோ எடிட்டிங் வேலைக்கு நாளைக் காலைக்குள் புதுக் கணினி தயாராக வேண்டும். கணவனோ அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை மேலே வைத்து, முன்னால் வைத்து, இப்போது அடியில் மாட்டியிருந்தான். கசிவு பார்க்க, தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் மட்டும் ஓடியது. வேறெதற்கும் மின்சாரம் இல்லை. ஆனாலும் அதன் குழாய்களில் ஓடிய தண்ணீர் மூன்று முறையும் முப்பத்தேழு டிகிரியை விட்டு இறங்கவில்லை.

"சூடாக்க எதுவுமே ஓடல. என் மண்டையத்தான் உள்ள மாட்டிட்டேன் போல!"

மனைவி ரேடியேட்டரில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "மனுஷ உடம்புச் சூடுதான். காய்ச்சல்லாம் இல்லைங்க."

"வெறுப்பேத்தாத. தண்ணிய வடிச்சுட்டு மறுபடி மாத்தறேன்."

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் பம்பின் ஒலி விசும்பல்போல் விட்டுவிட்டு வந்தது. அவள் கணினிப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள். ஒலி சீரானது.

"பழைய கம்ப்யூட்டர்லயே வேலைய முடிச்சுக்கறேன். இது இப்பதான் தூங்குது."

அவன் ஸ்க்ரூடிரைவரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.