ஜோடிப் பட்டை

"அப்பா, பொண்ணு ரெண்டு பேரும் உள்ள வர்றப்ப கட்டின ஜோடிக் கைப்பட்டையக் காட்டினாத்தான் சார் வெளியே போற கேட் திறக்கும்," என்றார் பொழுதுபோக்குப் பூங்காவின் காவலாளி.

அப்பாவின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. நாளைக் காலை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர். திரும்பி வர இரண்டு வருஷமாகும்.

"கை கழுவுறப்ப கழட்டி வச்சேன். நீ பாத்தியாடா?"

"இல்லப்பா." மகள் குனிந்து சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, ராட்டினத்துலேருந்து தேடிக்கிட்டே வருவோம்."

"ராட்டினத்துல உங்க கையில இருந்துச்சேப்பா."

"இருக்கட்டும். சின்னதுல நான் ஆபீஸ் கிளம்பினா என் செருப்ப ஒளிச்சு வைப்பியே, அப்பவும் இப்படித்தான் வீடு பூரா தேடுவேன்."

"எங்க இருக்குன்னு தெரியாமலா?"

"தெரிஞ்சேதான்." அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். "வா, மெதுவா நடப்போம். சாக்ஸுக்குள்ள பட்டை குத்தினா மட்டும் சொல்லு."