வாசலை விட மாட்டோம்

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். நடுநாயகமாக மனைவி, அவளுக்கு வலப்பக்கம் மாமனார். வாசலில் நிற்கும் தன் காரைப் பார்த்தபடி ஜன்னலோரம் மச்சான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கணவரிடம் மனு எழுதப் பேனாவைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எழுதுங்க. கடலோரப் பாதைக்கு சைக்கிள் போகணும்னு எங்க வாசல் பார்க்கிங்கைப் பறிக்கிறாங்க," என்றாள் மனைவி.

"பறிக்கலையே. ரெண்டு மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்றாங்க. கார்க் கதவைத் திறக்கும்போது சைக்கிள்காரங்க அடிபடக் கூடாதுன்னு," என்றார் அவர்.

"உங்க அபிப்பிராயத்தை யாரு கேட்டா?"

"இந்தத் திட்டத்தைப் போட்டவனுக்கு மண்டையில ஒண்ணும் இல்லைன்னு சேருங்க அத்தான்," என்றான் மச்சான்.

'அலுவலர் மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று அவர் எழுதினார்.

"அந்த ஆளை வேலையை விட்டே தூக்கணும்!" என்றார் மாமனார்.

"ஐயோ, அது வேணாம்ப்பா. சம்பளம் வரணுமே," என்றாள் மனைவி.

"பெறுநர்னு யாரைப் போட?" என்று கேட்டார் அவர்.

"உங்களைத்தான். திட்டம் போட்ட இன்ஜினியர் நீங்கதானே? காலையில ஆபீசுக்குக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க."

"சொந்த வீட்டு மனுவை நானே சுமந்துட்டுப் போனா நாலு பேர் பேசுவாங்க. தபால்ல வரட்டும்."

தபாலுக்கு மூன்று நாளாகும். ஆட்சேபணைகள் வந்து சேரக் கடைசி நாள் எது என்று யாரும் கேட்கவில்லை. நாளைதான் என்று அவரும் சொல்லவில்லை. உறையை அழுத்தி ஒட்டிக் கொடுத்தார். மச்சான் தெருமுனைத் தபால் பெட்டிக்குக் காரிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்தான்.