தாண்டிய தாள்கள்

"என்ன மேடம், இப்படிக் கவுக்கப் பார்த்தீங்களே!"

மேடைக்குப் பின்னால் இசை நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்த பியானோக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். எதிரே பஸ் டிரைவர். கையில் மகளின் வேலை ஆர்டர்.

"அதான் ஜெயிச்சாச்சே சார்."

"ஜெயிச்சது என் பொண்ணு! உங்களையும் சேர்த்து இழுத்துக்கிட்டு!"

மனிதருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே? நகரத்தின் பெரிய இசைக்குழுவில் ஒரே ஒரு இடம். அதற்கு வந்தவர்கள் நாற்பது பேர். வயலினும் பியானோவும் சரிக்குச் சரி பேசிக்கொள்ளும் நூற்றைம்பது வருஷத்துப் பழைய சொனாட்டாவைத் தாளே பார்க்காமல் வாசித்து, அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டாள் மகள்.

பியானோவுக்குத் தாள் புரட்டும் வேலையை டிரைவரே கேட்டு வாங்கியிருந்தார். மேடையில் மகள் பக்கத்தில் நிற்கலாமே! நோட்டில் ஒரு கோடுகூடப் புரியாது அவருக்கு. அந்த அம்மா தலையசைத்தால் புரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பாதியில், தலையும் அசைக்காமல் ஒன்றும் செய்யாமல், அவர் விரலுக்கடியிலிருந்து இரண்டு தாளை வெடுக்கென்று தள்ளிவிட்டார் அந்த அம்மா. பியானோ ஒரு கணம் தடுமாறியது. வயலின் நிற்கவே இல்லை.

முடிந்ததும் நடுவர் கேட்டார்: "நடுவுல கொஞ்சம் காணோமே, என்ன ஆச்சு?"

மகள் வாயைத் திறப்பதற்குள் பியானோக்காரம்மா முந்திக்கொண்டார். "என் தப்புங்க. ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிட்டேன்."

"அப்படியும் அசராம வாசிச்சாளே இந்தப் பொண்ணு! இவதான் எங்களுக்கு வேணும்."

அரங்கமே கைதட்டியது. டிரைவரும் தட்டினார், கை சிவக்கச் சிவக்க.

இப்போது ஆத்திரம் தீரவில்லை அவருக்கு. "முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன் மேடம். ஒரு ஸ்டாப்பைத் தாண்டிப் போனதில்லை. நீங்க ரெண்டு தாளை முழுசா முழுங்கிட்டீங்க. இனிமே அவகூட வாசிக்க வேற ஆள் பார்த்துக்கறோம்."

"சரிங்க சார்." பியானோக்காரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்பா!"

வயலின் பெட்டியோடு மகள் நின்றிருந்தாள்.

"வாம்மா என் சிங்கக்குட்டி! உன்னால இன்னைக்கு என் தலை நிமிர்ந்துடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். "ஆர்டரைக் குடுங்கப்பா. நடுவர்கிட்டப் போய் உண்மையச் சொல்லணும்."

பியானோக்காரம்மா வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினார். மகள் கேட்பதாக இல்லை.

"என்ன உண்மை?" என்றார் டிரைவர்.

"அந்த மெட்டு ரெண்டு தடவை வரும்ப்பா. ரெண்டுக்கும் முடிவு வேற வேற. முதல் தடவையே, நடுவுல உள்ளதை விட்டுட்டு, கடைசி முடிவுக்குத் தாவினது நான்தான். நான் விழுந்துடக் கூடாதுன்னுதான் அவங்களும் தாளைத் தள்ளி என்கூடவே வந்தாங்க."